அது பார்க்கும் தூரம்

10 பிப்ரவரி

அன்புள்ள ஜில்,

நலமாக இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், இனி நீ நிதானமாகப் படிக்கலாம். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் முழங்கால் வலி எப்படி? அடிலெய்டில் வெயில் குறைந்ததா?

உறையில் மில்டூரா முத்திரை இருக்கும். நான் மில்டூராவில் இல்லை. அங்கே இருப்பவள் டோனி. ஆஸ்பத்திரிச் சமையலறையில் என்னோடு வேலை பார்த்தவள். பதிலை அவள் முகவரிக்கு அனுப்பு, இந்தப் பக்கம் வரும்போது கொண்டுவந்து தருவாள். தாமதமாகும், பரவாயில்லை. தொலைபேசி வேண்டாம், மின்னஞ்சலும் வேண்டாம். போன ஊரில் கிரான்ட் என்னைக் கண்டுபிடித்தது அப்படித்தான். ஊரின் பெயரைச் சொந்த அக்காவான உனக்கும் எழுதப்போவதில்லை. உன்மேல் சந்தேகம் இல்லை. அவன் வந்து கேட்டால் நீ தெரியாது என்று சொல்லவேண்டும். உனக்கோ பொய் சொல்ல வராது.

இங்கே என் பெயர் கேட். மெயின் ரோட்டில் ஒரு பேக்கரியில் வேலை. ஆற்றுப் பக்கம் ஓர் அறை. பேக்கரி முதலாளி நெவ் நல்ல மனிதர், வாய் மட்டும் ஓயாது.

போன வாரம் ஊர்க்கூட்டம் நடந்தது. வரிசையாகக் கார்கள் திருட்டுப் போயிருக்கின்றன, மருந்துக்கடைக் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். மெயின் ரோட்டில் கேமரா வைக்கலாமா என்று நகராட்சி கேட்டது. "இந்த ஊர்ல ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு? நாம பண்றது நமக்குத் தெரியறதுக்கு முன்னாடியே பக்கத்து வீட்டுக்குத் தெரியும்" என்றார் ஒரு பால்பண்ணைக்காரர். கேமராக்களைப் பார்த்துக்கொள்ளப்போவது டிரெவ் என்பவர். இத்தனை நாள் நகராட்சிக்குத் தெருநாய் பிடித்தவர். நெவ் அவரிடம் கேட்டார்: "ஏண்டா டிரெவ், எனக்குத் தலையில முடி இருக்கற மாதிரி காட்டுமா அது?" "அதுக்குக் கேமரா பத்தாது நெவ், ஓவியரைத்தான் கூப்பிடணும்."

பிறகு கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கினேன். நீ முகம் சுளிப்பாய். எங்கள் வீட்டுச் சமையலறையில் கிரான்ட்டின் கை என் கழுத்தில் இருந்தபோது பார்ப்பதற்கு யாரும் இல்லை, ஜில். கோர்ட்டில் திரும்பத் திரும்ப அதைத்தான் கேட்டார்கள்: "யாராவது பாத்தாங்களா?" என்னை நெருங்கக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு போட்டார்கள். அதை அவன் மீறினால், அடுத்த முறையாவது ஏதாவது ஒன்று பார்த்திருக்கட்டும்.

அம்மாவிடம் நலம் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
கெரின்


3 மார்ச்

அன்புள்ள கெரின்,

கடிதம் கிடைத்தது. நலம் என்று எழுதியிருப்பதை நம்புகிறேன், வேறு வழியில்லை. நானும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. டாக்டரிடம் போகலாம் என்றால், "போனா அவர் எதையாவது கண்டுபிடிப்பார்" என்கிறாள்.

நீ கை தூக்கியதில் எனக்கு வியப்பில்லை. நான் தூக்கியிருக்கமாட்டேன். எங்கள் பகுதியிலும் இதே பேச்சு நடக்கிறது. இரண்டு பக்கம் எதிர்ப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்: யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யாருக்குக் கொடுப்பார்கள், கொடுத்ததை யாரிடம் சொல்வார்கள். "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. இருபது வருடங்களாகப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன், இந்தக் கேமராக்கள் குற்றத்தைக் குறைத்ததாகச் சொல்லும் எந்தக் கணக்கும் என்னை அசைக்கவில்லை. நடந்து முடிந்ததைப் பிறகு உட்கார்ந்து பார்க்க உதவும், அவ்வளவுதான்.

இன்னொன்று. கிரான்ட் தினமும் சாயங்காலம் உன் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்த்தவன். கேட்டால் உன் பாதுகாப்புக்கு என்பான். அதையே கம்பத்தில் ஏற்றி மாட்டினால் வேறு பொருளாகிவிடுமா?

அவனைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஜில்


31 மார்ச்

அன்புள்ள ஜில்,

நீயும் அம்மாவும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. எனக்குச் சளி பிடித்து விட்டது. டோனி உன் கடிதத்தோடு எலுமிச்சையும் கொண்டுவந்தாள்.

அந்தக் கிலோமீட்டர் வரியைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. அவன் என்னை மட்டும் பார்த்தான். இது எல்லாரையும் பார்க்கிறது: பால்பண்ணைக்காரரை, பாதிரியாரை, நெவ்வின் மொட்டைத்தலையை. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. இதில் உள்ள நிம்மதி உனக்குப் புரியாது. உன்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

கேமராக்கள் வந்துவிட்டன. நூலகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் டிரெவ் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறார். முதல் வாரத்தில் அவர் கண்டுபிடித்த ஒரே குற்றம், நெவ்வே இரவில் தன் குப்பையை வங்கியின் தொட்டியில் போட்டது.

சிரிக்காதே, நான் தூங்குகிறேன். கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுக்காமல் தூங்குகிறேன். வேலை முடிந்து ஆற்றோரமாகப் பாலம் வரை நடந்துவிட்டு வருகிறேன். கூழைக்கடாக்கள் தண்ணீரில் ஒன்றும் செய்யாமல் மிதக்கின்றன. நானும் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் நிற்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கெரின்


12 மே

அன்புள்ள கெரின்,

பதில் தாமதமாகிவிட்டது. தேர்வுத்தாள்கள். உன் சளி குணமாகியிருக்கும். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. குளிர் ஆரம்பித்ததால் அம்மா அதிகம் வெளியே வருவதில்லை. அவள் வீட்டு வேலிக்கு வண்ணம் அடித்தாயிற்று. வெளிர் பச்சை, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தாய். உண்மை. என் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. டிரெவ் நல்லவர் என்று தெரிகிறது. எனக்கு அதுதான் கவலை. அவர் நல்லவர் என்பதால், எதைச் செய்யலாம் எதைச் செய்யக் கூடாது என்று யாரும் அவருக்கு எழுதித் தந்திருக்கமாட்டார்கள்.

நீ தூங்குவதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

அன்புடன்,
ஜில்


9 ஜூன்

அன்புள்ள ஜில்,

நலம். காலையில் பனி விழுகிறது, விரல்கள் விறைத்துப்போகின்றன. பேக்கரியில் வேலை என்பதால் பிழைத்தேன். நீங்கள் இருவரும் சௌக்கியமா?

அம்மாவின் வேலிக்கு வண்ணம் அடித்தது யார்? நீ எழுதவில்லை. அம்மாவால் குனிய முடியாது, உனக்குத் தூரிகை பிடிக்கத் தெரியாது.

இங்கே ஒரு செய்தி. செவ்வாய்க்கிழமை டல்சி அம்மாள் எங்கள் கடை வாசலில் விழுந்துவிட்டார். எண்பத்தொன்பது வயது. உட்கார்ந்து ஓட்டும் மின்வண்டி ஒன்று வைத்திருக்கிறார், கார்களுக்கே வழி விடமாட்டார். நடைபாதை விளிம்பில் சக்கரம் ஏறி வண்டி சாய்ந்துவிட்டது. நான் ஓடிப்போய் என் ஏப்ரனைச் சுருட்டித் தலைக்கு அடியில் வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டேன். இடுப்பெலும்பு போயிருக்கும் என்று பயந்தேன். அவருக்கு வேறு கவலை. "என் பல்செட்டு எங்க? அதைத் தேடும்மா முதல்ல. பல்லு இல்லாம நான் ஆம்புலன்ஸ்ல ஏற மாட்டேன், அந்த டிரைவர் பையன் லட்சணமா இருப்பான்."

பல்செட்டு ரோட்டோரச் சாக்கடையில் கிடந்தது. கழுவிக் கொடுத்தேன். ஆம்புலன்ஸ்காரர் என் பெயரைக் கேட்டு எழுத வந்ததும் கடைக்குள் போய்விட்டேன்.

எலும்பு எதுவும் உடையவில்லை. இரண்டு நாளில் மறுபடி வண்டியோடு வந்து நின்றார். அந்த வாரம் முழுக்க வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், ஜில். ஓர் ஊரில் இருக்கிறேன் என்ற உணர்வு வந்தது.

அன்புடன்,
கெரின்


20 ஜூன்

கெரின்,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதை நேராகப் பேக்கரிக்கே அனுப்புகிறேன். நீ வில்காராவில் இருக்கிறாய். பேக்கரி மெயின் ரோட்டில், மருந்துக்கடைக்கு இரண்டு கடை தள்ளி. ஊரின் பெயரை நீ எனக்குச் சொல்லவில்லை. கிரான்ட் சொன்னான்.

வேலிக்கு வண்ணம் அடித்தது அவன். பிப்ரவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீட்டுக்கு வருகிறான். புல் வெட்டுகிறான், பல்பு மாற்றுகிறான். அம்மாவுக்கு அவனைப் பிடிக்கும், உனக்குத் தெரியும். எழுதினால் நீ மறுபடி ஓடுவாய் என்று நினைத்து எழுதாமல் விட்டேன்.

போன ஞாயிறு சமையலறையில் என் முன்னால் போனை நீட்டினான். வில்காரா நகராட்சியின் ஃபேஸ்புக் பக்கம். தெருக் கேமராவில் பதிவானது: நீ மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாய், அந்தக் கிழவியின் கை உன் கையில். மேலே, "நம்ம பேக்கரிப் பொண்ணு கேட்டுக்கு ஊரே நன்றி சொல்லுது." எத்தனையோ பேர் பகிர்ந்து, கடைசியில் அடிலெய்டில் அவனுக்குத் தெரிந்த யாரிடமோ வந்திருக்கிறது.

"இது கெர்ரிதானே, ஜில்?"

"இல்ல."

"நல்லாப் பாரு."

"பாத்தேன். இல்ல."

"பொய் சொல்றப்ப நீ கண்ணாடியத் தொடைப்பேன்னு கெர்ரி சொல்லியிருக்கா."

கண்ணாடி என் கையில் இருந்தது.

"ஏன் பயப்படறே? அவ நல்லா இருக்காளான்னு பாக்கணும், வேற ஒண்ணுமில்ல" என்றான். தேநீரைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

பேக்கரிக்குப் போன் செய்தேன். கேட் இன்று வரவில்லை என்றார்கள். உன் ஊர்க் காவல் நிலையத்துக்கும் சொல்லியிருக்கிறேன். இங்கே போலீசில், படம் பார்ப்பது குற்றமில்லை என்கிறார்கள். டோனியிடம் போ. அல்லது எங்காவது போ. போய்ச் சேர்ந்ததும் எழுது.

ஜில்


18 ஜூலை

அன்புள்ள கெரின்,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நெவ்வோடு இரண்டு தடவை பேசினேன். "இருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்க. உங்ககிட்ட பேச மாட்டேங்கறாங்க. நான் என்ன பண்ண?" என்றார். நல்லாத்தான் என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மா நலம். கிரான்ட் போன ஞாயிறு வரவில்லை. அதற்கு முந்தின ஞாயிறும் வரவில்லை. இனி எதையும் விடாமல் எழுதுவேன்.

ஜில்


4 ஆகஸ்ட்

அன்புள்ள ஜில்,

உயிரோடு இருக்கிறேன். நீயும் அம்மாவும் நலமாக இருக்கவேண்டும்.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம். கிரான்ட்மேல் இல்லை, அவன்மேல் கோபப்பட எனக்கு இனித் தெம்பில்லை. அந்த வேலிமேல். அவன் உங்கள் வீட்டைச் சுற்றிவருகிறான் என்று ஒரு வரி எழுதியிருந்தால், டல்சி விழுந்த அன்று நான் கடைக்குள்ளேயே இருந்திருப்பேன். ஒருவேளை அப்போதும் ஓடித்தான் போயிருப்பேன். ஆனால் தெரிந்து போயிருப்பேன்.

நீ போன் செய்த அன்றே டிரெவ்விடம் போனேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா? முன்னாடியே கேட்டா வேணாம்னுதான் சொல்லியிருப்பீங்க, அதான் கேக்கல. உங்கள மாதிரி ஆளுங்களுக்கு நாங்களாத்தானே செய்யணும்?" கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். என் உண்மையான பெயரையும் சொன்னேன். அவர் அந்தப் பதிவை நீக்கினார். பிறகு அதை எங்கெங்கே யார் யார் எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். "நாய் பிடிச்ச காலத்துல கூட ஒரு நாயக் காட்டிக் கொடுத்ததில்லம்மா" என்று அழுதார். நான்தான் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

நகராட்சி அவசரக் கூட்டம் போட்டு விதி எழுதியது. யார் முகமும் இனி வெளியே போகாது. போலீஸ் எழுதிக் கேட்டால் மட்டும் முழுப் பதிவு. மற்றவர்கள் கேட்டால், அவரவர் முகம் மட்டும் தெரியும் படம். நீ கேட்ட விதிகள்தான். உனக்குப் பிடிக்கும்.

இப்போது ஊருக்கே தெரியும். நான் உள்ளே வந்தால் பேச்சுக் குறைகிறது. நெவ் தினமும் என்னை அறைவரை கொண்டுவிடுகிறார். டல்சி அம்மாள் மட்டும், "சொல்லியிருந்தா நான் வேற கடை வாசல்ல விழுந்திருப்பேனே" என்றார்.

ஏன் போகவில்லை என்று கேட்பாய். இது மூன்றாவது ஊர். நான்காவது ஊரிலும் ஒரு கிழவி விழுவாள்.

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை மதியம், எதிரே வங்கிச் சுவர் ஓரமாக ஒருவன் நின்றான். தொப்பி, கறுப்புக் கண்ணாடி. கடையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்பது கிரான்ட்டேதான். நான் நெவ்வைக் கூப்பிட்டு வருவதற்குள் ஆள் இல்லை. போலீசில் சொல்லியிருக்கிறேன். அவன்தான் என்று ஆகிவிட்டால் கோர்ட் உத்தரவை மீறிய குற்றம், உள்ளே போடுவார்கள். கேமரா பார்த்திருக்கிறது. பதிவைக் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.

கெரின்


18 ஆகஸ்ட்

அன்புள்ள கெரின்,

எழுதியதற்கு நன்றி. நாங்கள் நலம். வேலியைப் பற்றி நீ சொன்னது சரி.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். உன் ஊர் சார்ஜன்ட் சொல்லி, இங்கத்திய போலீஸ் கிரான்ட்டை விசாரித்தது. அந்த வியாழன் முழுக்க அம்மா வீட்டில் இருந்ததாகச் சொன்னான். ஒரு பெண் கான்ஸ்டபிள் அம்மாவிடம் வந்தாள். நான் கூடவே இருந்தேன்.

"இங்கதான் இருந்தான். எனக்கு சூப் வச்சுக் கொடுத்தான்" என்றாள் அம்மா.

"அது வியாழக்கிழமைதான்னு எப்படித் தெரியும்?"

"மஞ்சள் மூடித் தொட்டிய அவன்தான் வெளிய தள்ளி வச்சான். எங்க தெருவுக்குக் குப்பை வண்டி வியாழன்தான்."

கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டு போய்விட்டாள். நான் பிறகு பார்த்தேன். மஞ்சள் தொட்டியை ஒரு வாரம் எடுப்பார்கள், பச்சைத் தொட்டியை மறு வாரம். அந்த வியாழன் பச்சையின் முறை. அப்படியானால் அவன் சூப் வைத்தது முந்தின வாரமாக இருக்கலாம். அல்லது அம்மா தொட்டியைத் தப்பாக வைக்கச் சொல்லியிருக்கலாம், அடிக்கடி செய்வாள். போலீசில் போய் இதைச் சொன்னேன். "தொட்டியோட நிறத்த வச்சு எப்படிம்மா?" என்று கேட்டார்கள். வகுப்பில் ஒரு மாணவன் இதைச் சொல்லியிருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன்.

நீ பார்த்தது அவனாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நேர்மையாக இவ்வளவுதான் என்னால் எழுதமுடியும். இது உனக்கு ஒன்றுக்கும் உதவாது என்றும் தெரியும்.

இனி வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்று அவனிடம் சொல்லிவிட்டேன். "புல்லை யார் வெட்டுவா? நீயா?" என்று அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான்தான் வெட்டினேன். மோசமாக வெட்டினேன்.

என்னோடு வந்து இரு. அவன் இருக்கும் ஊர் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இங்கே நீ தனியாக இருக்கமாட்டாய்.

அன்புடன்,
ஜில்


22 செப்டம்பர்

அன்புள்ள ஜில்,

நலம். உண்மையாகவே நலம். அம்மா உன்னோடு பேச ஆரம்பித்திருப்பாள். புல்வெட்டியை இழுக்காதே, தள்ளவேண்டும்.

பதிவு வந்துவிட்டது. போலீஸ் அதைக் கேட்கவில்லை. ஆள் அடிலெய்டில் இருந்தான் என்று அம்மா சொல்லிவிட்டதால் கேட்கக் காரணம் இல்லை என்றார் சார்ஜன்ட். ஆள் அவன்தானா என்று பார்க்கப் பதிவு வேண்டும், பதிவு வேண்டுமானால் ஆள் அவன்தான் என்று தெரியவேண்டும். அதனால் மற்றவர்களுக்குத் தருவதைத்தான் எனக்கும் தந்தார்கள். டிரெவ் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "நான் பாத்துட்டுச் சொல்லிடலாம்தான். ஆனா அந்த ஆள் மூஞ்சி எனக்குத் தெரியாதேம்மா. உங்கள ரூமுக்குள்ள விட்டா வேலை போயிடும். விதி உங்களுக்காகப் போட்டது, நானே எப்படி மீறுவேன்?"

நூலகக் கணினியில் போட்டுப் பார்த்தேன். மெயின் ரோடு, நல்ல வெயில். எல்லார் முகத்தையும் கலைத்திருக்கிறார்கள். தபால்காரருக்கு முகம் இல்லை. நெவ் வருகிறார், கழுத்துக்கு மேல் சாம்பல் புகை. வங்கிச் சுவர் ஓரமாக ஒரு புகை நிற்கிறது. தொப்பியைக்கூட விட்டுவைக்கவில்லை, தோள்வரை கலைத்திருக்கிறார்கள். ஒரு காலில்தான் நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது. மறுபடி பார்த்தபோது இரண்டு காலிலும் நிற்பதுபோல் இருந்தது. பிறகு கடைக் கதவு திறக்கிறது, நான் வருகிறேன். அவ்வளவு பெரிய தெருவில் முகம் இருப்பது எனக்கு மட்டும்தான்.

அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். பேக்கரிக்கு மேலே இருக்கும் அறைக்கு மாறிவிட்டேன், நெவ் காலி செய்து கொடுத்தார். டிரெவ் ஒருநாள் என்னோடு நடந்துவந்து காட்டினார்: "இந்தப் பக்கம் பேக்கரி சந்து வரைக்கும் தெரியும். அந்தப் பக்கம் போர் நினைவுத்தூண் வரைக்கும். தூணைத் தாண்டினா தெரியாது." மருந்துக்கடை, தபால் நிலையம், நூலகம், மளிகைக்கடை எல்லாம் உள்ளே வந்துவிடுகின்றன. பல் டாக்டர் வெளியே. வலி பொறுத்துக்கொள்ளும் அளவுதான். ஆறு வெளியே. இந்தக் குளிரில் ஆற்றில் என்ன இருக்கிறது?

நன்றாகத் தூங்குகிறேன். உன்னோடு வந்து இருக்க முடியாது. உன் தெருவில் கேமரா கிடையாது, நீதான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாயே.

அன்புடன்,
கெரின்


30 செப்டம்பர்

அன்புள்ள கெரின்,

நான் நலம். அம்மா பேசுகிறாள். அடுத்த வார நீண்ட விடுமுறைக்கு வருகிறேன். விவாதிக்க வரவில்லை. மேலே இரண்டு பேர் படுக்க இடம் இருக்கிறதா, இல்லையென்றால் மோட்டலில் தங்குகிறேன். உனக்கு ஒரு கம்பளிக் கோட்டு எடுத்து வைத்திருக்கிறேன். வேறு என்ன வேண்டும் என்று எழுது.

ஜில்


13 அக்டோபர்

அன்புள்ள ஜில்,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். பஸ்ஸில் உனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும், வெந்நீர் ஒத்தடம் கொடு. கோட்டு சரியான அளவு. நெவ் தினமும் உன்னைக் கேட்கிறார்: "உங்க அக்கா, கையால கடிச்சுச் சாப்பிட வேண்டிய என் கறி பஃப்ஸை முள்கரண்டி வச்சு சாப்பிட்டாங்களே. பாவம், ரொம்பப் படிச்சா அப்படித்தான் ஆயிடும்." டல்சி அம்மாளுக்கு உன்னை மிகவும் பிடித்துவிட்டது. நீ வண்டிக்கு வழி விட்டாயாம்.

நீ கோபமாகப் போகவில்லை என்று சொன்னாய். நம்புகிறேன். ஆனால் பஸ் கிளம்பும்வரை நீ அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஞாயிறு மதியம் ஆற்றுப் பக்கம் போகலாம் என்று நீ சொன்னபோது சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். மருந்துக்கடையைத் தாண்டினோம், தபால் நிலையத்தைத் தாண்டினோம். நீ உங்கள் துறைத் தலைவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாய், அவர் கூட்டத்தில் தூங்கிப்போன கதை. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நடக்கிறேன் என்றுதான் நினைத்தேன். நினைவுத்தூணுக்குப் பக்கத்தில் கால் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. அடுத்த அடியை எடுத்துவைக்கச் சொன்னேன், எடுத்துவைக்கவில்லை.

நீ கவனிக்கவில்லை. கையை ஆட்டிப் பேசிக்கொண்டே போனாய். தலையை என் பக்கம் சாய்த்து என்னவோ சொன்னாய், பிறகு நான் பதில் சொன்னதுபோல் தலையாட்டினாய். உன்னைப் பின்னாலிருந்து அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. பாலத்துக்கு ஏறும் இடத்தில்தான் திரும்பினாய்.

நான் நின்றதற்கு நீ காரணம் இல்லை. வழியில் நீ கேட்ட கேள்வி காதில் விழாததால்தான் நான் பதில் சொல்லவில்லை என்றும் நினைக்கவேண்டாம். ஞாயிறு மதியம் இங்கே தெருவில் சத்தமே இருக்காது, நீ பேசியது முழுக்க எனக்குக் கேட்டது. "இங்கேயே இருந்துடப் போறியா, கெர்ரி?" என்று கேட்டாய். அதை நீ கேட்டபோது, நான் நின்று வெகு நேரம் ஆகியிருந்தது.

அம்மாவின் முழங்காலை டாக்டரிடம் காட்டு.

அன்புடன்,
கெரின்